சிறுதொழில் வளர உண்மையில் எது உதவுகிறது? காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துப் பாத்திரக் கடை, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, திருபுவனம் தறி, நாகப்பட்டினம் கருவாட்டு வியாபாரம், மன்னார்குடி தையல் கடை என்று சிறுதொழில் நடத்துகிறவர்களும், மகளிர் குழுக் கூட்டமைப்புகளின் பொறுப்பாளர்களும் கேட்கிற கேள்விகள் இவை. கடன், மானியம், பயிற்சி என்று அவர்கள் வாசலுக்கு வருகிற உதவிகள் பல. அவற்றுள் எது பலன் தருகிறது என்பதைக் கண்டறிய ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. அந்த முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களோடு நின்றுவிட்டன. தொழில் செய்கிறவர் கைக்கு அவை வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆய்வு என்கிறீர்களே, அதில் அப்படி என்ன செய்கிறார்கள்?

குலுக்கல் சீட்டு நடத்தியவர்களுக்கு இது எளிதில் புரியும். நிதி நூறு பேருக்குத்தான் இருக்கிறது, தகுதியான கடைகள் இருநூறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். சீட்டு விழுந்தவர்களும் விழாதவர்களும் தொடக்கத்தில் ஒரே மாதிரியானவர்கள். சாமர்த்தியசாலியும் சோம்பேறியும் இரண்டு பக்கமும் கலந்தே இருப்பார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து இரண்டு கூட்டத்தின் லாபத்தையும் ஒப்பிட்டால், வித்தியாசம் அந்த உதவியால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். வறுமை ஒழிப்பில் இந்த முறையைப் பரவலாக்கியதற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கடன் வாங்கியபின் வியாபாரம் கூடியதை நாங்களே கண்ணால் பார்க்கிறோம். அதைவிட என்ன சான்று வேண்டும்?

டெல்டாவில்தான் இந்த எண்ணம் ஆளை அதிகம் ஏமாற்றுகிறது.

கார்த்திகை, மார்கழியில் ஒரு குழுவுக்குக் கடன் கொடுக்கிறார்கள். தையில் சம்பா அறுவடை தொடங்குகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குப் பணம் வருகிறது. அறுப்புக் கூலி, லாரி வாடகை, சுமைக் கூலி என்று அது ஊர் முழுவதும் கை மாறுகிறது. மாசி, பங்குனியில் கல்யாணமும் கோவில் திருவிழாவும் வரிசை கட்டுகின்றன. பங்குனிக் கடைசியில் அதிகாரி வந்து கேட்டால் எந்தக் கடைக்காரரும் “வியாபாரம் இரட்டிப்பாகிவிட்டது” என்றுதான் சொல்வார். கடன் வாங்காத பக்கத்துக் கடைக்கும் அப்போது அதே அளவு கூடியிருக்கும். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகளும் படகுகளும் அழிந்தன. அதற்கு முந்தைய மாதம் பட்டுக்கோட்டையில் ஒரு நல்ல பயிற்சித் திட்டம் தொடங்கியிருந்தால், முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது படுதோல்வியாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், முதலில் கை தூக்கிக் கடன் கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே துடிப்பானவர். அவர் வளர்ந்ததற்குக் கடன் காரணமா, அவருடைய சுபாவம் காரணமா என்பதை அவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒப்பிட இன்னொருவர் வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, கையில் முதல் கிடைத்தால் கடை வளருமா?

இதற்குத் தெளிவான பதில் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கிடைத்திருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் 2005-இல் இலங்கையின் தெற்கு, தென்மேற்கு மாவட்டங்களான களுத்துறை, காலி, மாத்தறை ஆகியவற்றில் மிகச் சிறிய கடைகளையும் குடிசைத் தொழில்களையும் எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் வந்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்புள்ள உதவி இலவசமாகக் கிடைத்தது. சிலருக்கு ரொக்கம், சிலருக்குச் சரக்கு அல்லது கருவி. அந்த மூலதனம் மாதம் ஒன்றுக்குச் சுமார் 5 சதவீத வருமானம் ஈட்டியது. எந்த வங்கி வட்டியையும்விட இது மிக அதிகம். சின்னக் கடைக்காரருக்குத் திறமை இல்லாமல் இல்லை, முதல்தான் போதவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் உதவி பெற்ற ஆண்களின் லாபம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

ஆண்களின் லாபம் என்று கவனமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் பெண்களுக்குக் கொடுத்த பணம் வீணா?

இல்லை. அவசரத்தில் இப்படி முடிவு கட்டியவர்கள் உண்டு என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கை ஆய்வில் பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி லாபம் கூடவில்லை. பிறகு ரோகிணி பாண்டே, எரிக்கா ஃபீல்டு உள்ளிட்ட குழுவினர் இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் விவரங்களை மீண்டும் அலசி 2019-இல் வெளியிட்டார்கள். பெண்ணின் தொழிலை மட்டும் தனியாகப் பார்க்காமல் வீட்டின் மொத்த வருமானத்தைப் பார்த்தபோது, பெண்ணுக்குக் கொடுத்த பணமும் ஆணுக்குக் கொடுத்த பணத்துக்குச் சளைக்காமல் பலன் தந்திருந்தது. பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது யாருக்கும் புதுச் செய்தியாக இருக்காது. அப்பளம் போடுவதாகச் சொல்லி அம்மா பேரில் வாங்கிய குழுக் கடன், அப்பாவின் மினி லாரிக்கு டயராக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு லாபம் வந்திருக்கலாம். ஆனால் தவணை கட்டத் தவறினால் குழுக் கூட்டத்தில் தலை குனிந்து நிற்பது அந்தப் பெண்தான். அதனால் கூட்டமைப்புகளுக்கு ஒரு யோசனை: பெண்ணின் தொழிலே வளர வேண்டும் என்பது நோக்கமானால், ரொக்கத்துக்குப் பதில் மாவு அரைக்கும் இயந்திரமோ தையல் இயந்திரமோ வாங்கிக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள். கானாவில் ஓரளவு நன்றாக நடந்துகொண்டிருந்த பெண்களின் தொழில்களில் பொருளாகக் கொடுத்த உதவி தொழிலிலேயே தங்கியது, ரொக்கம் தங்கவில்லை.

வாரக் குழுக் கடன் நல்லதா, கெட்டதா?

மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் ஏழ்மையை ஒழித்துவிடும் என்ற பேச்சும் பொய், எல்லாரையும் நடுத்தெருவில் நிறுத்திவிடும் என்ற பேச்சும் பொய். ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அங்கு ஒரு நிறுவனம் கிளை திறந்தது. பானர்ஜி, டுஃப்ளோ உள்ளிட்டோர் அதை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் அதை ஓரளவு விரிவாக்கினார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவு உயரவில்லை. பெண்களின் நிலையிலும் பிள்ளைகளின் படிப்பிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, போஸ்னியா, எத்தியோப்பியா ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்லின.

என் பார்வையில் கடனைவிடத் தவணைதான் பெரிய தடை. கடன் வாங்கிய சில நாளிலேயே தவணை தொடங்கிவிட்டால், அந்தப் பணத்தை உடனே புரளும் சரக்கில்தான் போட முடியும். ஆறு மாதம் கழித்துப் பலன் தரும் இயந்திரத்தில் போட முடியாது. கொல்கத்தாவில் ஒரு பிரிவினருக்கு முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள். பிற்காலத்தில் லாபமும் கூடியது. கூடவே கடன் கட்டாமல் போனவர்களின் எண்ணிக்கையும் கூடியது. நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குவதற்கு அதுதான் காரணம்.

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் பெருந்தொகை கைக்கு வருகிறது. திருப்பிச் செய்வது மற்றவர் வீட்டு விருந்து வரும்போதுதான். வாரா வாரம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. அதை வைத்துக் கடை போட்டவர்கள், போர் போட்டவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வருமானம் வரும் காலத்தை ஒட்டித் தவணை அமைய வேண்டும் என்று வங்கிகளிடம் கேட்பதற்கு நமக்கு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது.

தண்டல்காரரிடம் உள்ள கடனை யாராவது மொத்தமாக அடைத்துவிட்டால் விடுதலை கிடைத்துவிடாதா?

இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை ஆய்வாளர்களே அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் விழுந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாளைக் காலைச் சரக்குக்குப் பணம் வேண்டும், இன்று வீட்டில் ஒரு காய்ச்சல். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சேமிப்பு இல்லாதவரை தண்டல் திரும்ப வரும். கென்யாவில் எளிய சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தபோது சந்தையில் வியாபாரம் செய்த பெண்களின் சேமிப்பும் முதலீடும் கூடின. கடனை அடைப்பதோடு சேமிப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பயிற்சி வகுப்புக்குப் போனால் பலன் உண்டா? நான்கு நாள் கடையைப் பூட்ட வேண்டியிருக்கிறதே.

உலகெங்கும் நடந்த பல பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த மெக்கென்சி, சராசரியாக விற்பனை 5 சதவீதமும் லாபம் 10 சதவீதமும் கூடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார். மோசமில்லை, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவும் இல்லை. எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மீதியெல்லாம்.

டொமினிக்கன் குடியரசில் ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்குச் சில எளிய வழக்கங்களை மட்டும் சொன்னார்கள்: வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது, வீட்டுச் செலவுக்கு எடுத்தால் அதை எழுதிவிட வேண்டும் என்பது போல. கணக்கியல் வகுப்பால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. எளிய வழக்கங்கள் நிலைத்தன. நம் கடைகளில் கல்லாப்பெட்டியிலிருந்துதான் பால்காரருக்கும் பணம் போகிறது, பள்ளிக்கூட ஃபீஸும் போகிறது. மாலையில் எண்ணும்போது லாபமா நஷ்டமா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டாவது பெட்டி ஒன்று வாங்க நூறு ரூபாய் ஆகுமா?

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடந்த சோதனை என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது. வழக்கமான வணிகப் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. தானே முன்வந்து புதிய வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் அடுத்த வழி பார்ப்பது ஆகியவற்றைப் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. 2017-இல் வெளிவந்த முடிவு இது.

நைரோபியில் இளம் பெண்களை அதே பகுதியில் தொழில் செய்யும் அனுபவசாலிகளோடு இணைத்துவிட்டார்கள். வகுப்பால் கூடாத லாபம் இந்தத் துணையால் சுமார் 20 சதவீதம் கூடியது. எந்த மொத்த வியாபாரியிடம் சரக்கு மலிவு என்பது போன்ற உள்ளூர்ச் செய்திகள்தான் காரணம். சந்திப்பு நின்றதும் பலனும் கரைந்தது. அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா வங்கி நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்குத் தோழியோடு வந்த பெண்கள், தனியாக வந்தவர்களைவிட அதிகம் தொழிலில் இறங்கினார்கள். வீட்டுக் கட்டுப்பாடு அதிகமுள்ள பெண்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கூட்டமைப்பில் பயிற்சிக்குப் பெயர் எழுதும்போது இரண்டிரண்டு பேராக எழுதுங்கள், செலவில்லாத காரியம்.

காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஏதாவது?

சில்லறை. கென்யாவில் சிறு கடைகள் மீதிச் சில்லறை இல்லாததால் எத்தனை விற்பனையை இழக்கின்றன என்று ஆய்வாளர்கள் கடைக்காரர்களையே வாரா வாரம் கேட்டார்கள். கேட்டதே போதுமானதாக இருந்தது. இவ்வளவு போகிறதா என்று உணர்ந்தவர்கள் சில்லறை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், லாபமும் கூடியது. இன்று நம் ஊரில் க்யூஆர் அட்டை வந்து இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் கேட்ட பொருள் இல்லையென்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒரு வாரம் ஒரு நோட்டில் கோடு போட்டுப் பாருங்கள்.

பட்டறையில் புது முறை கொண்டுவந்தால் ஆட்கள் ஒத்துழைப்பதில்லை. என்ன செய்வது?

பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து செய்கிறார்கள். தோல் போன்ற விரிப்பிலிருந்து ஐங்கோணத் துண்டுகளை வெட்டும்போது வீணாவதைக் குறைக்கும் புதிய அச்சு ஒன்றை ஆய்வாளர்கள் வடிவமைத்து, குலுக்கலில் வந்த பட்டறைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். லாபம் நிச்சயம். ஆனால் ஓராண்டுக்கு மேலாகியும் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினார்கள். வெட்டுபவருக்குக் கூலி துண்டுக் கணக்கில். புதிய அச்சில் கை பழகும்வரை வேலை மெதுவாகும், கூலி குறையும். மிச்சமாகும் விரிப்போ முதலாளிக்கு. வெட்டுபவர் ஏன் ஒப்புக்கொள்வார்? “இது சரிப்படாது” என்று சொல்லிவிட்டார். கற்றுக்கொண்டு செய்து காட்டினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தனியாகத் தருகிறோம் என்றதும் பல பட்டறைகளில் அச்சு பயன்பாட்டுக்கு வந்தது.

நாச்சியார்கோவிலில் வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, பித்தளையை உருக்கி ஊற்றி, கடைசல் பிடித்து, பாலிஷ் போட்டு ஒரு குத்துவிளக்கு வெளியே வருகிறது. வேலைக்கு எடைக் கணக்கிலோ உருப்படிக் கணக்கிலோ கூலி பேசியிருக்கும் பட்டறையில் புதிய உலையோ புதிய அச்சோ இறக்குவதற்கு முன், முதல் இரண்டு மாதம் ஆளுக்குக் கூலி குறையாது என்று உறுதி கொடுங்கள். தறிக்கும் இதேதான். ஆட்கள் பிடிவாதக்காரர்கள் என்று திட்டுவதற்கு முன் அவர்கள் கூலிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நியாயம்.

நிர்வாகத்தைச் சீர்படுத்துவதும் பலன் தரும். மும்பை அருகே 17 ஜவுளி நிறுவனங்களில் நடந்த சோதனையில், சரக்கை அடுக்கி வைப்பது, பழுதை எழுதிவைப்பது போன்ற வழக்கங்களால் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

தரத்தை உயர்த்தினால் வாங்க ஆள் வருமா, ஆள் வந்தால் தரம் உயருமா?

பல நேரங்களில் ஆள் முதலில் வர வேண்டியிருக்கிறது. எகிப்தில் நைல் டெல்டாவின் ஃபுவா ஊரில் வீட்டுத் தறியில் கம்பளம் நெய்கிறவர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் வெளிநாட்டு ஆர்டர் கொடுத்தார்கள். லாபம் 16 முதல் 26 சதவீதம் கூடியது. கேட்பவர் நுணுக்கம் பார்த்துக் கேட்டதால் நெசவின் தரமும் ஏறியது. சுவாமிமலைச் சிலைக்கும் தஞ்சாவூர்க் கலைத்தட்டுக்கும் திருபுவனம் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல காரியம். ஆனால் குறியீடு சான்றிதழ்தான். ஆர்டரைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை. கண்காட்சிக்கு அழைத்துப் போவதோடு நிறுத்தாமல், தொடர்ந்து வாங்குகிறவர் ஒருவரைப் பிடித்துக் கொடுக்கும் அமைப்புதான் நமக்குக் குறைவாக இருக்கிறது.

சீனாவின் நான்சாங் நகரில் தொழில் நடத்துகிறவர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து மாதம் ஒருமுறை ஓராண்டுக்குச் சந்திக்க வைத்தார்கள். விற்பனை சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. ஒரே சரக்கை விற்கும் போட்டியாளர்கள் செய்தியைப் பகிரத் தயங்கினார்கள்; ஆகவே விளக்குப் பட்டறையையும் அரிசி ஆலையையும் பேக்கரியையும் கலந்து உட்கார வையுங்கள். மீன் வியாபாரிகளுக்கு ஒரு செய்தி: 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் கைபேசி வந்தபோது, எந்தத் துறையில் விலை இருக்கிறது என்று கடலிலிருந்தே கேட்க முடிந்ததால் மத்தி வீணாவது ஏறக்குறைய நின்றது, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலையும் 4 சதவீதம் குறைந்தது.

உதயம் பதிவு செய்தால் வளர்ச்சி வந்துவிடுமா?

உதயம் என்பது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. பதிவினால் மட்டும் வளர்ச்சி வராது. இலங்கையில் பதிவு பற்றிய விவரம் சொல்லி, செலவையும் திருப்பித் தந்தபோதுகூட யாரும் பதிய முன்வரவில்லை. ஒரு மாத லாபம் வரை தருகிறோம் என்றபோது ஐந்தில் ஒருவர் பதிந்தார். பதிந்தவர்களில் மிகச் சிலருக்கே வருமானம் ஏறியது.

இருந்தும் உற்பத்தியிலோ சேவைத் தொழிலிலோ இருந்து, பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கோ வேலையோ கொடுப்பவர்கள் உதயம் பதிவை விடக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வாங்கிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வெளிநாட்டில் நடந்தது நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

எண்ணை அப்படியே எடுத்துவராதீர்கள், காரணத்தை எடுத்துவாருங்கள். டோகோவின் 30 சதவீதம் திருவாரூரில் 30 ஆக இருக்க வேண்டியதில்லை. ஆனால் துண்டுக் கூலி வாங்குபவர் வேகம் குறைவதை விரும்பமாட்டார் என்பது சியால்கோட்டிலும் திருபுவனத்திலும் ஒன்றுதான். அந்தக் காரணம் இங்கே இருக்கிறதா என்பதை உங்களைவிட நன்றாக எந்த ஆய்வாளரும் அறியமாட்டார்.

எங்கள் கூட்டமைப்பே ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். எல்லாருக்கும் கொடுக்க நிதி இல்லாத ஆண்டே அதற்கு ஏற்றது. தகுதியுள்ளவர்களின் பட்டியலை வெளிப்படையாக வாசித்து, அனைவரின் சம்மதத்தோடு குலுக்குங்கள். விடுபட்டவர்களுக்கு அடுத்த ஆண்டு உண்டு என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். சிபாரிசுக்கு இடமில்லாததால் சண்டையும் குறையும். குலுக்கலுக்கு முன்பே எல்லாரிடமும் சரக்கின் மதிப்பு, வார விற்பனை, வீட்டுக்கு எடுத்த பணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே கேள்விகளை இரண்டு தரப்பிடமும் கேளுங்கள். கடன் கொடுத்த ஊழியரே கேட்டால் உண்மை வராது. வேறு யாராவது கேட்கட்டும்.

இருபது முப்பது கடைகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஒரு கடைக்காரர் வீட்டில் நடந்த ஒரு கல்யாணமே கணக்கைப் புரட்டிவிடும். இரண்டு மூன்று ஒன்றியங்கள் சேர்ந்து சில நூறு கடைகளாவது இருந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரத் துறைகள் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் ஆய்வுக்குப் பொருள் தேடிக்கொண்டே இருப்பார்கள். குலுக்கல் முடிந்தபிறகு போகாதீர்கள். பட்டியல் தயாரானதும், குலுக்கலுக்கு முன்பே போய்ப் பேசுங்கள்.